வாடகைப் பலகையின் கடைசி வரி

பெர்ஹெந்தியான் தீவில் நான் போய் இறங்கிய முக்குளிப்புக் கடையின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. உபகரணங்களின் ஒருநாள் வாடகையை அதில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். முகக்கண்ணாடியும் ஸ்னோர்க்கல் குழாயும் 10 ரிங்கிட். கால் துடுப்பு 10. வெட்சூட் 15. மிதவைச் சட்டை 20. ரெகுலேட்டர் 20. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுத்தால் 50 ரிங்கிட். அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் தனியாக: 'டைவ் கம்ப்யூட்டர் 30 ரிங்கிட், விரும்பினால்.'

'விரும்பினால்' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

அந்தப் பலகையின் படத்தை என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். போன தவணையில் அழுத்தம் பற்றிய பாடத்தின்போது படிவம் 4 மாணவர்களுக்குக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், பசார் மாலாம்ல கண்ணாடி 15 வெள்ளிக்கு வாங்கிடலாமே? இதுக்குப் போய் வாடகையா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நியாயமான கேள்வி. ஒரு பொருளை விலைக்கு வாங்கும்போது நமக்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியும். வாடகைக்கு எடுக்கும்போது? பொருளோ நம்மோடு வருவதில்லை. அப்படியானால் அந்த 50 ரிங்கிட் எதற்கு?

முகக்கண்ணாடியைப் பொறுத்தவரை அந்த மாணவன் சொன்னது பாதி சரி. முக்குளிக்க விரும்புகிறவர் முதலில் சொந்தமாக வாங்க வேண்டியது கண்ணாடிதான். ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு வடிவம். பொருந்தாத கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். ஆனால் பசார் மாலாம் கண்ணாடி வேண்டாம். மூக்கையும் சேர்த்து மூடாத நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்போது, மூக்கு வழியே காற்று விட்டுச் சமப்படுத்த வழி இல்லாமல், கண்ணைச் சுற்றிய மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு உடையும். வெட்சூட்டையும் துடுப்பையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம் கடல் நீர் கதகதப்பானதுதான். ஆனாலும் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், மூன்றாவது முறை இறங்கும்போது அந்த 15 ரிங்கிட்டின் அருமை தெரியும்.

காற்றின் விலை

ரெகுலேட்டருக்கு வருவோம். முதுகில் சுமக்கும் அலுமினியக் கலனின் கொள்ளளவு ஏறக்குறைய 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்திருப்பார்கள். மேற்பரப்பில் அது 2,200 லிட்டர் காற்று. அதன் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல்! காற்றுக்கு எடை உண்டு என்று தொடக்கப்பள்ளியிலிருந்தே படிக்கிறோம். அதை முதுகால் உணர வேண்டுமானால் ஒரு கலனைத் தூக்கிப் பாருங்கள்.

அந்த 200 பாரை நேரடியாக வாயில் வைக்க முடியாது. ரெகுலேட்டர் இரண்டு படிகளில் அதைக் குறைக்கிறது. முதல் படியில், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 10 பார் அளவுக்கு மட்டும் கூடுதலாக வைக்கிறது. வாயில் கவ்வியிருக்கும் இரண்டாம் படியில், சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருகிறது. 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமீல் காஞ்ஞானும் இதை உருவாக்கினார்கள். காஞ்ஞான் பொறியியலாளர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக அவர் வடிவமைத்திருந்த வால்வுதான் இதற்கு மூலம்.

அந்தச் சின்னக் கருவிக்குள் ஸ்பிரிங்கும், மெல்லிய சவ்வும், ரப்பர் வளையங்களும் இருக்கின்றன. உப்பு நீர் காய்ந்தால் உப்புப் படிகங்கள் உருவாகும். படிகம் கூர்மையானது, ரப்பரைக் கீறும். அதனால்தான் கடைப் பையன் ஒவ்வொரு நாளும் மாலையில் எல்லா ரெகுலேட்டரையும் நல்ல தண்ணீரில் ஊறவைக்கிறான். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறையோ, உற்பத்தியாளர் சொல்லும் கால அளவிலோ முழுவதும் கழற்றி, வளையங்களை மாற்றிப் பூட்ட வேண்டும். நான் விசாரித்த இடத்தில் அந்த வேலைக்கு 200 ரிங்கிட்டுக்கு மேல் சொன்னார்கள். நாள் வாடகை 20 என்றால், ஒவ்வொரு ரெகுலேட்டரும் சம்பாதிக்கும் முதல் பத்து நாள் பணம் அதற்கே போய்விடும்.

கலனுக்கு வாடகை இல்லை, அது ஒவ்வொரு இறக்கத்தின் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியது. கண்ணுக்குத் தெரியாத செலவு அதில்தான் அதிகம். பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒரு முறை கலனை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். கலனுக்குள் தண்ணீரை நிரப்பி, அது வழக்கமாகத் தாங்கும் அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்தி, எவ்வளவு விரிகிறது, மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்குகிறதா என்று அளப்பார்கள். ஏன் காற்றால் சோதிக்காமல் தண்ணீரால் சோதிக்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கிட்டத்தட்டச் சுருங்காது. கலன் உடைந்தாலும் தண்ணீர் வெடித்துச் சிதறாது.

பிறகு காற்றை அடைக்கும் கம்ப்ரஸர். தீவில் அது டீசலிலோ பெட்ரோலிலோ ஓடக்கூடும். அதன் புகை, காற்றை உறிஞ்சும் குழாய்க்குள் போய்விட்டால் கலனுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 பார் என்பதால், மேற்பரப்பில் தாங்கக்கூடிய சிறு அளவு அங்கே நான்கு மடங்கு வலுவோடு இரத்தத்தைத் தாக்கும். இதைத் தடுப்பது வடிகட்டி. அதற்கும் ஆயுள் உண்டு. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த ஒரு விபத்து வரைக்கும் தெரியாது.

இதையெல்லாம் விளக்கிவிட்டு என் மாணவர்களிடம் சொன்னேன்: வாடகை என்பது பெரும்பாலும் பராமரிப்பின் விலை. அதிலும் கிழக்குக் கரைத் தீவுகளில் வடகிழக்குப் பருவமழை வந்தால் ஏறக்குறைய நான்கு மாதம் கடையே கிடையாது. மீதி எட்டு மாதத்தில் சம்பாதித்துத்தான் ஆண்டு முழுவதற்கும் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு ரப்பர் வளையமும் கோலா பெசுட்டிலிருந்து படகில் வருகிறது. நாம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல "50ஐ 40 ஆக்குங்கள்" என்று கேட்டால், சில கடைக்காரர்கள் சரி என்பார்கள். அந்த 10 ரிங்கிட்டை அவர்கள் எதிலிருந்து குறைப்பார்கள் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. அதனால் நான் தொகுப்பு வாடகையில் பேரம் பேசுவதில்லை. 50 ரிங்கிட் அதிகம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் கோட்டுக்குக் கீழே இருந்த 30 ரிங்கிட்டின் மீதுதான். அந்தக் கோபத்தில் பாதி என் மீதே.

நான் மிச்சம் பிடித்த 90 ரிங்கிட்

நானும், எங்கள் பள்ளியின் கணித ஆசிரியையும் ஈப்போவிலிருந்து காரில் போயிருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தோம். பயிற்சியின்போது எல்லா உபகரணமும் பயிற்சிக் கட்டணத்திலேயே சேர்ந்திருந்தது. இந்த முறை ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டபோது சற்று அதிர்ச்சி. மூன்று நாளில் ஏழு இறக்கம், ஒவ்வொன்றும் 90 ரிங்கிட். தொகுப்பு வாடகை 150. அதோடு படகு, தங்கும் அறை, சாப்பாடு. பலகையின் கடைசி வரியைப் பார்த்து நான் மனக்கணக்கு போட்டேன்: 30 பெருக்கல் 3, 90 ரிங்கிட். விரும்பினால்தானே? வழிகாட்டியின் கையில் ஒன்று இருக்கிறதே. வேண்டாம் என்றேன். தோழி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கணினி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கைக்கடிகாரம்போல இருக்கும். உள்ளே ஓர் அழுத்த உணரியும், ஒரு கடிகாரமும், ஒரு கணக்கும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன். மேற்பரப்பில் அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். அது ஹென்றியின் விதி. நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் மெல்ல மெல்லக் கரைகிறது. மேலே வரும்போது மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டு வந்தால் குமிழாகும். விளையாட்டுப் போட்டி நாளில் 100 பிளஸ் டின்னைக் குலுக்கித் திறந்து நண்பன் சட்டையை நனைத்திருப்பீர்களே, அதேதான். டின்னில் நடந்தால் வேடிக்கை. மூட்டிலோ தண்டுவடத்திலோ நடந்தால் 'பெண்ட்ஸ்' எனப்படும் அழுத்தக்குறைவு நோய்.

1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, பிரிட்டிஷ் கடற்படைக்காக முதல் அட்டவணைகளைத் தந்தார். உடலின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. சில பகுதிகள் நிமிடங்களில் நிரம்பும். சில மணிக்கணக்கில். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மான் பின்னர் இதை 16 பகுதிகளாக விரித்தார். பல முக்குளிப்புக் கணினிகளில் இன்று ஓடுவது அவருடைய கணக்கோ அதன் திருத்திய வடிவமோதான். அந்த 16இல் மிக மெதுவான பகுதியின் பாதிக்காலம் 635 நிமிடம். கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுள் படித்தவர்களுக்கு இது புரியும். 12 மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும் அந்தப் பகுதியில் சேர்ந்த கூடுதல் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி இன்னும் அங்கேயே இருக்கும்.

ஆக, கணினி அளப்பது இப்போதைய ஆழத்தை மட்டும் அல்ல. நேற்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அது நினைவில் வைத்திருக்கிறது. இதனால்தான் ஒருவருடைய கணினி மற்றவருக்குப் பயன்படாது. பக்கத்தில் நீந்துகிறவர் உங்களைவிட 4 மீட்டர் மேலே இருந்தால் அவர் உடலின் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

இரண்டாம் நாள் காலையில் தோழியின் கணினியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடையில் உடனே வேறொன்றைக் கொடுத்தார்கள். நல்ல சேவைதான். ஆனால் அந்தப் புதிய கணினிக்குத் தோழி முந்தைய நாள் இரண்டு முறை இறங்கியது தெரியாது. அதன் கணக்கில் அவர் அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவர். அதை வாங்கிக் கட்டிக்கொண்ட கணித ஆசிரியைக்கும் அது தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியைக்கும் தோன்றவில்லை.

அன்று மூன்று முறை இறங்கினோம். ஒன்று தோக்கோங் லாவுட், கடலுக்குள்ளிருந்து எழும் கருங்கல் குன்று. பாறை இடுக்குகளில் மூங்கில் சுறாக்கள் வாலை வெளியே நீட்டிப் படுத்துக் கிடக்கும். அதைப் பார்க்க நான் குனிந்து குனிந்து இறங்கிக்கொண்டே போனேன். வழிகாட்டி எனக்கு மேலே எங்கோ மிதந்துகொண்டிருந்தார். ரெகுலேட்டரோடு ஓர் ஆழமானி தொங்கியது. அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு வலது முழங்கையில் ஒரு வலி. குத்தும் வலி அல்ல. உள்ளே எலும்புக்குள் யாரோ அழுத்திக்கொண்டிருப்பதுபோல ஒரு மந்த வலி. பகல் முழுவதும் கலன்களைப் படகில் ஏற்றி இறக்கியிருந்தேன். காலியானாலும் அது 14 கிலோ. அதனால்கூட இருக்கலாம். ஒன்பது மணிக்குப் பிறகும் குறையவில்லை என்றதும் தோழி கடைக்காரரை எழுப்பினார். அவர் தயங்காமல் ஆக்சிஜன் பெட்டியைக் கொண்டுவந்து முகமூடியைப் பொருத்தினார். தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் நுரையீரலில் நைட்ரஜனே இருக்காது; உடலில் தேங்கியது வேகமாக வெளியேறும். அதற்கு அவர் வாடகை கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பிறகு முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த ஒரு மருத்துவரிடம் கைப்பேசியில் பேச வைத்தார். மருத்துவர் அமைதியாகக் கேட்டார்: இன்று எத்தனை முறை இறங்கினீர்கள்? ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம்? எத்தனை நிமிடம்? இடையில் எவ்வளவு நேரம் மேலே இருந்தீர்கள்? எவ்வளவு வேகத்தில் ஏறினீர்கள்?

எனக்குத் தெரியவில்லை. "20 மீட்டர் இருக்கும்... 22கூட இருக்கலாம்" என்றேன். நேரம் "முக்கால் மணி, இல்லை, கொஞ்சம் குறைவு" என்றேன். ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் படிக்காமல் அட்டவணையை நிரப்பும் மாணவரை நான் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்! என் உடலைப் பற்றிய தரவே என்னிடம் இல்லை. கடைக் குறிப்பேட்டில் எங்கள் குழுவுக்கு ஒரே வரி. அதுவும் வழிகாட்டியின் ஆழம்.

பயம் அதன் பிறகுதான் பிடித்தது. அழுத்த அறை என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பேரா மாநிலத்தின் லுமுட் இராணுவ மருத்துவமனை. நாங்கள் இருப்பதோ திரெங்கானு கடலில். இடையில் தித்திவங்சா மலைத்தொடர். ஜெலியிலிருந்து கிரிக் வழியாக வரும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு. உடலில் குமிழ் இருந்தால் அது அங்கே இன்னும் பெரிதாகும். பலமுறை முக்குளித்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. மலைச்சாலைக்கும் அதே காரணத்தால் கவனம் தேவை. வடக்கிலிருந்து காரில் கிழக்குக் கரைக்குப் போகும் நம்மவர் பலர் கடைசி நாள் காலையில் ஒருமுறை இறங்கிவிட்டு, மதியம் படகேறி, மாலையில் அந்த மலைமேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். விமானத்தில் போகவில்லையே, பயமில்லை என்று நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தோம்.

மறுநாள் பிற்பகலுக்குள் வலி போய்விட்டது. அது தசை வலியா, நைட்ரஜனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மருத்துவர் சொன்னபடி அதன் பிறகு இறங்கவில்லை. மூன்றாம் நாளின் இரண்டு இறக்கத்துக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. 90 ரிங்கிட் மிச்சம் பிடித்து 180 ரிங்கிட்டை விட்டேன்.

கடைக்காரர் சொன்ன கணக்கு

புறப்படும் நாளில் கடைக்காரரோடு உட்கார்ந்து பேசினேன். கணினியை ஏன் தொகுப்பில் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கலன் காற்று தீர்வதற்குள் நைட்ரஜன் எல்லையைத் தொடவே முடியாது, அதனால் புதியவருக்குக் கணினி அவசியமில்லை என்றார்.

இதைச் சரிபார்த்தேன். நிதானமாக நீந்துகிறவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அது 2.8 மடங்கு, 56 லிட்டர். கலனில் 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டால் மீதி 150 பார் பெருக்கல் 11, அதாவது 1,650 லிட்டர். 29 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணையில் 18 மீட்டருக்கான எல்லை 56 நிமிடம். கடைக்காரர் சொன்னது சரிதான், முதல் இறக்கத்துக்கு. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இறக்கங்களில் பழைய நைட்ரஜன் மிச்சம் இருப்பதால் எல்லை சுருங்கிக்கொண்டே வரும். கலனோ ஒவ்வொரு முறையும் புதிதாக நிரம்பி வரும். 30 மீட்டருக்குப் போனால் அதே அட்டவணையில் முதல் இறக்கத்துக்கே 20 நிமிடம்தான். அதோடு, குறைவாகச் சுவாசிக்கும் சிறிய உடல்வாகு உள்ளவருக்கு, உதாரணத்துக்கு உங்களில் பலருக்கு, காற்று நெடுநேரம் வரும். கலன் அவர்களைக் காப்பாற்றாது.

கணினி இல்லாமல் முக்குளிக்கவே முடியாதா என்றால், முடியும். அட்டவணை, கடிகாரம், ஆழமானி மூன்றும் வைத்துப் பல்லாண்டுகள் இறங்கியிருக்கிறார்கள். அதற்கு ஒவ்வொரு இறக்கத்தையும் எழுதித் திட்டமிட வேண்டும். விடுமுறைக் கடைகளில் அப்படித் திட்டமிடும் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பலகையில் கணினிக்கு மாற்றாக அட்டவணையும் எழுதப்படவில்லை. அங்கே உண்மையான தேர்வு, கணினியா அட்டவணையா என்பதல்ல. கணினியா, ஒன்றும் இல்லாமலா என்பதுதான்.

அடுத்துப் பணக் கணக்கு. அவரிடம் இருந்தவை நான்கே கணினிகள். பெரும்பாலான நாள் அலமாரியில்தான் இருக்கும், அதனால்தான் 30 வாங்குகிறேன் என்றார். அதாவது, விலை அதிகம் என்பதால் யாரும் எடுப்பதில்லை. யாரும் எடுக்காததால் விலை அதிகம். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எளிய கணினி ஒன்று 1,200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு உழைக்கட்டும். ஆண்டுக்கு 100 நாள் தண்ணீருக்குள் போகட்டும். மொத்தம் 400 நாள், நாளுக்கு 3 ரிங்கிட். பேட்டரி, பழுது, தொலைவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 6 ரிங்கிட். நாளுக்கு இரண்டு முறை இறங்குகிறவருக்கு ஒரு இறக்கத்துக்கு 3 ரிங்கிட். 90 என்ற கட்டணம் 93 ஆகும். அவ்வளவே.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கடற்கரையைக் காட்டினார். அங்கே வரிசையாக வேறு கடைகள். "நான் 93 என்று எழுதினால், 90 என்று எழுதியிருக்கும் கடைக்குத்தானே போவீர்கள்?" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 30 ரிங்கிட்டுக்காகக் கணினியையே வேண்டாம் என்றவள் நான். 3 ரிங்கிட்டுக்காகக் கடையை மாற்றியிருக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் இதை ஒவ்வொரு கடைக்காரரின் நல்ல மனத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி, பல நாள் தங்குகிறவருக்கு முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அதே கணினி என்பதைக் கடை நடத்தும் உரிமத்தின் நிபந்தனையாக வைக்கட்டும். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் எல்லாப் பலகையிலும் 93 என்றே இருக்கும். யாருக்கும் நட்டம் இல்லை. நாம் காரை வாடகைக்கு எடுக்கும்போது பிரேக்குக்குத் தனி வாடகை கேட்கிறார்களா? இருக்கைப் பட்டைக்கு 'விரும்பினால்' என்று எழுதுகிறார்களா?

கணினியைக் கையில் கட்டியவரெல்லாம் அதைப் பார்ப்பதில்லையே என்று என் தோழி இப்போதும் வாதிடுகிறார். உண்மைதான். சுறாவின் வாலைக் கண்டால் நான் மறுபடியும் மறந்துவிடக்கூடும். ஆனால் நான் மறந்தாலும் அது எல்லையை நெருங்கும்போது பீப் பீப் என்று ஒலிக்கும். நான் மறந்ததையும் எழுதி வைத்திருக்கும். அன்றிரவு அந்த மருத்துவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பதிவுதான்.

மாணவர்களே, பெரிய பயிற்சி அமைப்புகளில் 10 வயதிலிருந்தே இளையோர் சான்றிதழ் உண்டு. உங்களில் சிலர் அடுத்த விடுமுறையில் பெற்றோருடன் தியோமானுக்கோ ரெடாங்குக்கோ போய்ப் பயிற்சியில் சேரலாம். பயிற்சி முடிந்து மறுமுறை போகும்போதுதான் வாடகைப் பலகையைச் சந்திப்பீர்கள். அப்போது இரண்டு சிறு சோதனைகளை நீங்களே செய்யலாம். ரெகுலேட்டரை வாயில் வைத்து அழுத்தமானியைப் பார்த்தபடியே நான்கு முறை மூச்சிழுங்கள். ஊசி ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து எழுந்தால் கலனின் வால்வு முழுவதும் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்தக் கலனை வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் முன்பு சொன்ன கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆனால் அது வரும் வழியில் அதன் கூட்டாளிகள் பெரும்பாலும் மணத்தோடுதான் வருகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "மூன்று நாளும் எனக்கு இதே கணினிதானே?" கேட்கும்போது அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காதீர்கள், அவர்கள் மனத்தில் 90 ரிங்கிட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நாட்டின் வெவ்வேறு தீவுகளில் பலகைகள் என்ன சொல்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரிக்க நினைத்திருக்கிறேன். சிப்பாடானுக்காக செம்பூர்ணா வரை போகிறவர்களும் உங்களில் இருக்கலாம். எங்கே போனாலும் வாடகைப் பலகையை ஒரு படம் எடுத்து இந்த இணைப்பிதழுக்கு அனுப்புங்கள். கடையின் பெயர் வேண்டாம், தீவின் பெயரும் தேதியும் போதும். படத்தில் கடைசி வரியும் தெரியட்டும்.